அக்காவின் ஒப்பாரியை வெட்டியவன்

அப்பாவின் சாவுக்கு என் அக்கா பாடிய ஒப்பாரியைத் திருடி, உங்களை ஆடவைத்தவன் நான்.

அந்தக் குரலுக்கு அவ்வளவு ஆழம் எப்படி வந்தது, டீப் ஹவுஸ் நடன இசை செய்ய எங்களுக்கும் டிப்ஸ் கொடுங்கள் என்று நச்சரிக்கிறீர்களே... கேளுங்கள்! கேட்டுவிட்டு என் முகத்தில் காறித் துப்புங்கள்.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் வயல். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போன அப்பா அங்கேயே சரிந்துவிட்டார். நான் சிங்கப்பூரில் இருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று அக்காவிடம் அழுதேன்.

பச்சைப் பொய்! திருச்சி விமானத்தில் இடம் இருந்தது. ஆனால், மறுநாள்தான் ஒரு கிளப்பில் என் இசையை முதன்முதலாக வாசிக்க அழைத்திருந்தார்கள். அதை விட மனம் வரவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். பெற்ற பிள்ளை நான் மேடையில் மிக்சர் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன்... நானும் ஒரு மனிதனா?

நேரில்தான் இல்லை, காதாலாவது கேட்கட்டும் என்று அக்கா வீட்டுக்காரர் ஒப்பாரியைப் பதிவுசெய்து அனுப்பினார். கேட்டு அழுதேன். அழுகை ஓய்வதற்குள் இந்தப் பாழாய்ப்போன காது வேலையைத் தொடங்கிவிட்டது.

இதோ, நீங்கள் கேட்ட டிப்ஸ். முதலில் சொற்களை வெட்டி எறியுங்கள். பொருள் புரிந்தால் எவனும் ஆடமாட்டான். "அப்பா" என்ற கதறலில் கடைசி "ஆ" போதும். அதை இழுத்து, சுருதியை இறக்குங்கள். லோ-பாஸ் ஃபில்டரால் கூர்மையை மழுக்குங்கள். ரிவெர்ப், அதாவது எதிரொலி, தாராளமாக இருக்கட்டும். அவள் மாரில் அடித்துக்கொண்ட சத்தத்தை விட்டேனா? அதுவும் கிக் டிரம்மின் அடிக்குக் கீழே கிடக்கிறது. அதற்குத்தானே கை தூக்கி ஆடினீர்கள்!

தலைத்திவசத்துக்கு ஊருக்குப் போனேன். மச்சான் நடந்தது எதுவும் அறியாமல், மாப்பிள்ளையின் பாட்டு என்று பெருமையாகப் போனில் போட்டார். அக்கா அடையாளம் கண்டுகொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்...

"என் குரல்தானடா, எடுத்துக்க. ஆனா, டிக்கெட்டு கெடைக்காம புள்ள அங்க துடிக்கிறான், அவன்மேல கோவப்படாதீங்கப்பான்னு பாடுனேனே... அது எங்கடா?"

"பின்னாடி வரும்க்கா" என்றேன்.

அங்கேயும் பொய்! உங்களிடம் கொட்டிவிட்டேன்; அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

அக்கா இப்போதும் அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்கிறாளாம், அந்த வரி வருமென்று.