மொட்டை வேறு, முடி கொட்டுவது வேறு

அலர்மேல்மங்கை வாயில் "இருக்கலாம்", "ஆயிருக்கும்" என்ற பேச்சே வராது. திருப்பதியில் அவள் பார்க்கும் வேலை அப்படி. அமெரிக்காவில் எவனுக்கோ வயிறு வலிக்கும். அங்கே டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அந்த நோய்க்குரிய கோடு நம்பரை இவள் இங்கே உட்கார்ந்து போடுவாள். டாக்டர் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. வீட்டிலும் இதே சட்டம்தான். "மழ வர்ற மாதிரி இருக்குதும்மா" என்று அப்பா முனிரத்தினம் போனில் சொன்னால், "மாதிரிக்கெல்லாம் கோடு கெடையாது நைனா, வந்தா சொல்லு" என்பாள். இப்படி ஒரு பிடிவாதக்காரி சொந்த ஊரான விஜயபுரம் பக்கமே கிடையாது!

அந்த அப்பாவுக்கே வயிற்றில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. சி பதினாறு. யார் யாருக்கோ அவள் போட்ட நம்பர்தான். அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முனிரத்தினத்துக்கோ வேறு கவலை. "ஊர்ல மூச்சு உடாத மங்கா. ஆர்லிக்ஸ் பாட்டிலத் தூக்கிக்கினு வந்து, நான் உயிரோட இருக்கறப்பவே மூக்கச் சிந்துவாளுங்க." ஆபரேஷனுக்கு முந்தின நாள், குணமானால் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்தே திருமலையேறி மொட்டை போடுகிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அப்புறம் ஏற்றிய மருந்தில் தலைமுடி மொத்தமும் கொட்டிப்போனது. போச்சுடா, குட்டு வெளிப்பட்டது என்று பயந்துகொண்டே ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். டீக்கடை ரங்கையா அந்தப் பளபளத்த தலையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏமன்னா, கொண்டகு போயொச்சினாவா? லட்டு ஏதி?"

மலைக்குப் போய் வந்தாயா, லட்டு எங்கே என்று தெலுங்கில் கேட்கிறார். திருமலை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, மொட்டைத் தலைக்கு வேறு காரணம் யாருக்குத் தோன்றும்? "ஆமாப்பா, கொண்டக்குத்தான்... லட்டு நாளைக்கி எட்தாறேன்" என்று முனிரத்தினம் சமாளித்தார். பிறகென்ன, மங்கையின் ஆபீசில் யார் மலையேறினாலும் ஒரு லட்டு டீக்கடைக்கு வந்தது. மருந்து ஏற ஏறத் தலை பளபளத்தது. ஊர் கண்ணுக்கு அவர் பரம பக்தராகிவிட்டார்.

ஒருநாள் மகளிடம் பேரம் பேசினார். "முடிதான் பூட்ச்சே. சாமி அதையே மொட்டையா வெச்சிக்கட்டுமே?"

"அது மருந்தோட பக்கவிளைவு நைனா. மொட்ட வேற. ரெண்டுக்கும் ஒரே கோடு போட்டா என் வேல பூடும்."

"சரி, என் சி பதினாறு எப்போ போவும்?"

சிகிச்சை முடிந்தது, நோய் இல்லை என்று டாக்டர் எழுதினால்தான் அது இசட் எண்பத்தைந்தாகும். முன்பு இருந்த நோய் என்று அதற்குப் பொருள். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அந்த நம்பரைப் போட்டவள், சொந்த அப்பாவுக்குப் போட முடியாமல் தவித்தாள்.

தலையில் மறுபடி முடி அடர்ந்த பிறகு, திருப்பதி ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டி, "பாகுந்தி, நல்லா இருக்காரு" என்றார். சீட்டில் மட்டும் பழக்கதோஷத்தில் வயிற்றுப் புற்றுநோய் என்றே எழுதினார். 'போயிட்ச்சின்னு எழுதுங்க சார்' என்று காலில் விழலாம் போலிருந்தது மங்கைக்கு. ஆனால் பதிலை டாக்டர் வாயில் ஊட்டக் கூடாது என்பது அவள் தொழிலின் சட்டம். சீட்டை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"சார், இப்போ நோய் இருக்குதா, இல்லியா? ட்ரீட்மென்ட் நடக்குதா, முடிஞ்சிட்ச்சா? எதுவோ, அத எழுதிக் குடுங்க."

டாக்டர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

"இன்னாம்மா எழுதிக்கிறாரு?" வெளியே வந்ததும் முனிரத்தினம் கேட்டார்.

"முடிஞ்சிட்ச்சாம். நோய் இல்லியாம். இசட் எண்பத்தஞ்சு நைனா" என்றவள், ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல் ஓவென்று அழுதாள். "அழுவற நம்பரா அது?" என்று அவர் அரண்டே போனார்.

அந்த வாரமே இருவரும் அலிபிரியில் படியேறினார்கள். முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு ஊரில் வந்து இறங்கினார் முனிரத்தினம். மறுபடியும் மலைக்கா என்று ரங்கையா கிளாஸ் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"ஏமன்னா, மள்ளீ கொண்டகா? லட்டு ஏதி?"

முனிரத்தினம் பையைத் திறந்து பெரிய லட்டாக ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கு வயித்துல கேன்சர் இருந்திச்சி ரங்கையா. இப்போ இல்ல, டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. நீ லட்டு துன்னு."