விசைக்கு அடியில் ஈர மண்

பேய், சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த நாள், எத்தனை மணி, கூட யார் இருந்தார்கள்?" என்று கேட்கிற ஆள் நான். இந்த மூன்றையும் கேட்டதும் பெரும்பாலான கதைகள் அங்கேயே படுத்துவிடும். அதனால் என் கதைக்கு அவற்றை நானே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசி, ஆவணி மாதம், வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டே கால். கூட இருந்தவர் சீனிச்சாமி. அவர் இன்று இல்லை, ஆகவே சாட்சி நான் ஒருவன்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சுக் கடையில் எனக்கு எழுத்து வேலை. மிச்ச நேரத்தில் சுற்றுவட்டாரக் கண்மாய்களைப் பற்றிக் குறிப்பெடுப்பேன். எந்த வருடம் எது பெருகியது, எது உடைந்தது, எந்த மடை யார் பெயரில் இருக்கிறது என்று நாள் போட்டு எழுதிவைப்பது பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம். வெளிநாட்டில் வேலை பார்த்த மைத்துனர் தான் கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்றை அந்த வருடம் எனக்குக் கொடுத்திருந்தார். செங்கல் கனம். அதில் தமிழ் எழுத்தை ஏற்றி, குறிப்புகளை அடிக்கத் தொடங்கியிருந்தேன்.

பரளச்சிப் பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே புதிதாகப் பாசனக் குழு அமைக்க, கண்மாய்த் தண்ணீர் எந்த நாள் யார் வயலுக்குப் பாயும் என்ற முறைப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் தாலுகா ஆபீசில் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தப் பட்டியல் அதுவரை காகிதத்தில் இருந்ததே இல்லை. கருப்பையா என்பவர் மடையைத் திறந்து ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை பார்த்தவர். எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் முந்தின வருடம் இறந்துபோனார். ஆனால் அதற்கும் மூன்று வருடம் முன்பு நான் அவர் எதிரில் உட்கார்ந்து முழுவதையும் எழுதியெடுத்திருந்தேன். ஒருவர் முறை முடிந்ததும் அவர் வயலுக்குப் போகும் வாய்க்கால் வாயை அடைப்பது எப்படி என்றுகூடச் சொல்லியிருந்தார். "மண்ண மட்டும் வச்சா கரைஞ்சு போயிரும்யா. வைக்கோல நறுக்கிப் போட்டுப் பெசைஞ்சு, கட்டைவிரல வச்சு அமுக்கணும். பெறகு அடுத்த முறை வரைக்கும் ஒரு பய தொறக்க முடியாது."

அதனால்தான் பட்டியல் என்னிடம் வந்தது. புதன்கிழமை இரவே அடித்து முடித்துவிட்டேன். வியாழன் காலை பத்து மணிக்கு இருளாயி வந்தாள். ஏழாம் நாள் தண்ணீர் அவளுடையது. புருசன் செத்து இரண்டு வருடம், கடைமடையில் ஒரு துண்டு வயல், அதைவிட்டால் வேறு எதுவும் கிடையாது. படிக்கத் தெரியாது.

"அண்ணாச்சி, எம் பேரு எங்கன இருக்கு? வெரல வச்சுக் காட்டுங்க."

காட்டினேன். திரையைத் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டாள்.

"இத அழிக்கணும்னா எதத் தட்டணும்?"

புது மெஷின் வைத்திருக்கிற பெருமை எனக்கு. அழிக்கிற இரண்டு விசைகளையும் காட்டினேன்.

"அம்புட்டுத்தானா? ரெண்டு தட்டுல எங்க தண்ணி போயிருமா?" என்று சிரித்தாள். நான் மோர் கொண்டுவர உள்ளே போனேன். இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் சந்தேகப்பட்டது இந்த மூன்று நிமிடத்தைத்தான்.

மத்தியானம் சீனிச்சாமி வந்தார். அந்த ஊரில் நிறைய நிலம் வைத்துப் பயிர் செய்கிற பெரிய சம்சாரி. முறைப்படி ஆறாம் நாளும் எட்டாம் நாளும் அவருக்கு. நாற்காலியில் உட்காராமலே சொன்னார், "அந்த ஏழாம் நாள எடுத்துருங்க. அவ புருசன் சாகுறதுக்கு முன்னாடியே எங்கிட்ட வாயால விட்டுக் குடுத்துட்டான்."

"கருப்பையா அப்படிச் சொல்லலியே?"

"செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போறான்?" என்றவர், குரலை இறக்கினார். "நீங்க ஆறு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கீகளே, எங்க வீட்டுத் தகரப் பெட்டி, கண்மாய்ப் பத்திரமெல்லாம் உள்ளது... நாளைக்கே வண்டியில ஏத்தி அனுப்புறேன். நெதானமாப் பாத்து எழுதிக்கோங்க."

மறைக்காமல் சொல்கிறேன், நான் ஒப்புக்கொண்டேன். பழைய காகிதம் என்றால் எனக்கு அவ்வளவு பைத்தியம். ஏழாவது வரியின் கடைசியில் போய் நின்று அழிக்கும் விசையைத் தட்டினேன். அழியவில்லை. மற்றதைத் தட்டினேன். அதுவும் இல்லை. அழுத்தும்போது விசை கீழே போகாமல், சாப்பாட்டுப் பருக்கை மேல் விரலை வைத்தது மாதிரி மெத்தென்று நின்றது.

மெஷினை அணைத்துப் போட்டேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். வேறொரு கடிதத்தைத் திறந்து தட்டிப்பார்த்தேன், அதில் இரண்டு விசையும் ஒழுங்காக அழித்தன. திரும்பப் பட்டியலுக்கு வந்து, சோதனைக்காக மூன்றாவது வரியில் ஒரு எழுத்தை அழித்தேன், அழிந்தது, திருத்திவைத்தேன். ஏழாவது வரிக்கு வந்தால் மெத்தென்று நிற்கிறது. அடுத்த தெருக் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு விசைப்பலகையை இரவல் வாங்கிவந்து பின்னால் செருகினேன். அது புதுசு. அதுவும் ஏழாவது வரியில் மட்டும் நின்றது. அன்று எனக்குத் தெரிந்த வழிகள் அவ்வளவுதான்.

"என்ன கணக்கரே, நாடகம் போடுறீகளா? அந்தப் பொம்பள வந்துட்டுப் போனான்னு தெருவுலயே சொன்னாக," என்றார் சீனிச்சாமி.

எனக்கும் அந்த நிமிடம் பொறி தட்டியது. விசையைக் காட்டச் சொன்னாள், நான் உள்ளே போனேன், எதையோ திணித்துவிட்டாள். கோபம்கோபமாக வந்தது. பிளேடை எடுத்து லேப்டாப்பின் இரண்டு விசைகளையும் நெம்பிக் கழற்றினேன்.

அடியில் மண் இருந்தது. கரிசல் இல்லை, கண்மாய் வண்டல். ஈரமாக, பிசைந்த பதத்தில், உள்ளே நறுக்கிய வைக்கோல் துணுக்குகள். கண்மாய்த் தண்ணீரின் பாசி வாடை வந்தது. இரண்டு வருடமாக அந்தக் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. போன வாரம்தான் நான் அதன் நடுவில் நின்று வெடிப்பை அளந்து குறித்துவந்திருந்தேன். இரண்டிலும் மண்ணின் நடுவே ஒரு குழி. கட்டைவிரல் அளவு இருக்கும் என்றுதான் எழுதத் தோன்றுகிறது, ஆனால் அந்த விசையே கட்டைவிரல் அகலம்தான், ஆகவே அதை ஆதாரமாக வைக்கமாட்டேன்.

சீனிச்சாமி குனிந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"இது வாய்க்கா அடைக்கிற மண்ணாச்சே," என்றார்.

கழற்றிய இரண்டு விசைகளையும் மேசைமேல் வைத்தேன்.

"வேற காயிதத்துல புதுசா அடிச்சிரலாம்ல?" என்றார் கொஞ்சம் கழித்து. குரலில் பழைய முறுக்கு இல்லை.

"என்னால முடியாதுங்க. வேணும்னா நீங்க உக்காந்து அடிங்க."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெட்டி வரவே இல்லை, அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் பட்டியல் இருந்தபடியே தாலுகா ஆபீசுக்குப் போனது. அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த ஐப்பசியில் கண்மாய் பெருகி, ஏழாம் நாள் தண்ணீர் இருளாயி வயலில் பாய்ந்தது.

அந்த மண்ணைக் கேமரா பிலிம் வருகிற சின்ன டப்பாவில் போட்டு, நாளும் மணியும் எழுதி ஒட்டி, பீரோவில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தை மாதம் இருளாயி ஒரு படி புதுநெல்லோடு வந்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "அண்ணாச்சி, எடுத்து வச்சிருக்கீகள்ல, அந்த மண்ணு, அதக் காயவிட்ராதீக," என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள். சீனிச்சாமி சொல்லியிருப்பாரா? அவர்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. அவளேதான் வைத்தாளா? அப்படியென்றால் இரவல் விசைப்பலகை ஏன் நின்றது? இந்தக் கேள்விகளை எழுதி, எதிரே பதிலுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். இடம் காலியாகவே இருக்கிறது.

நான் அந்த மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. ஆனால் எப்போது திறந்தாலும் அது ஈரமாகத்தான் இருந்தது. என் மனைவி பாக்கியத்தின் மேல்தான் சந்தேகம். பீரோ சாவி எங்கள் இருவரிடமும் உண்டு, அவளுக்கு என்னைக் கேலி செய்யப் பிடிக்கும். பல வருடம் பொறுத்து, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அந்த டப்பாவுல நீதான தண்ணி தெளிக்கிற?"

அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "நானா? நீங்கதான் தெளிக்கிறீகன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். பீரோவுக்குள்ள அடிக்கடி ஈரக் கைத்தடம் கெடக்கும், நான்தான் தொடைக்கிறேன்."