வாங்குகிறவர் யார்?

புறவழிச்சாலைக்கு நிலம் வாங்குவதை எளிதாக்க, விலைப்பேச்சு முதல் பத்திரப்பதிவு வரை ஒரே நாளில் முடியும்படி, திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தோம். அந்த வேகத்தில் எங்களுக்குப் பெருமைதான்.

வெள்ளை வேட்டியில் வந்த ஒரு விவசாயி கையெழுத்துப் போட்ட பிறகும் போகவில்லை. கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. தோள் துண்டை எடுத்து எடுத்து மடித்துப் போட்டபடி, "வாங்கறவரு ஆருங்க?" என்று மேசை மேசையாகக் கேட்டார். ஒவ்வொருவரும் அடுத்த மேசையைக் காட்டினார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்.

"அரசாங்கந்தானுங்க வாங்குது," என்றேன்.

"அது செரிங்க. வெள்ளாமைக் காட்டைக் குடுத்தா வாங்கறவரு கையில வெத்தலை பாக்கு குடுக்கோணுமுங்களே. அந்தக் காட்டுக் கெணத்துக் கரை வேற சரியுதுங்க, தெரியாம ஆராச்சும் உழுந்துட்டா? நீங்க பாத்திருப்பீங்களே?"

அந்தக் கிணற்றை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. வரைபடத்தை வைத்தே வாங்கியிருந்தோம். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்தவரின் பத்திரத்தைப் புரட்டினேன்.

அவர், வராமல் போன பெரிய அதிகாரிக்காகப் போட்டிருந்த காலி நாற்காலியில் தட்டை வைத்து, நாற்காலியைக் கும்பிட்டு, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் மண்டபத்தைப் பூட்டும்போதும் அந்தத் தட்டை எடுக்க எனக்குக் கை நீளவில்லை.