அக்கா பக்கம் பேசிய நாள்

ப்ளஸ் ஒன் ஆங்கிலத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செங்கத்திலிருந்து அக்கா போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறோம். நீ வர்றியா இல்லியா, ஒரு வார்த்த சொல்லிடு." அம்மா போன நாளிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. அம்மா கடைசியில் அவள் வீட்டில்தான் இருந்தாள். நான் வேலூரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். எப்போது போன் செய்தாலும் அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான் என்பாள் அக்கா. எல்லாம் முடிந்த பிறகுதான் வரச் சொன்னாள். நான் போய்ப் பார்த்தது அம்மாவின் மூடிய கண்களை. அதை எப்படி மறப்பது?

தாள்கள் வேறு என் கோபத்தைக் கிளப்பின. பாடத்தில் ஒரு கதை. அப்பா விட்டுப்போன வயலினைத் தங்கைக்குத் தெரியாமல் அக்கா விற்றுவிடுகிறாள். தங்கை கடைசிவரை அவள் முகத்தில் விழிப்பதில்லை. 'அக்கா செய்தது சரியா?' என்பது கேள்வி. வகுப்பு மொத்தமும் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தது. எனக்கு இதைவிடச் சுலபமான கேள்வி உலகத்திலேயே இல்லை.

மறுநாள் வகுப்பில் பொரிந்து தள்ளினேன். "இன்னா, எல்லாரும் பேசி வெச்சுக்கினு விட்டீங்களா?"

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். பக்கத்துக் கிராமமான மேலூர்க்காரி, வாய்த்துடுக்கு அதிகம். "அந்த அக்கா கதையில ஒரு வார்த்தகூட பேசலியே மிஸ். எங்கூர்ல நியாயம் பேசறப்ப ரெண்டு பக்கமும் வந்து ஒக்காரணும். ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டு எப்படிங்க மிஸ் சொல்றது?"

"இது பரீட்சைம்மா, பஞ்சாயத்து இல்ல. அஞ்சு மார்க் போச்சு."

"போனா போவுதுங்க மிஸ்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. மேலூர்க்காரி விடவில்லை. "வர முடியாதவங்களுக்கு அவங்க ஆளு யாராச்சும் பேசுவாங்க. அந்த அக்காவுக்கு நீங்க பேசுங்க மிஸ்."

விளையாட்டுதானே என்று ஒத்துக்கொண்டேன். மேசையில் சாய்ந்து நின்று அக்கா ஆனேன்.

"வயலின ஏன் வித்தீங்க?" என்று கேட்டாள் அவள்.

"வூட்டுல ஒலையில போட அரிசி இல்ல."

"தங்கச்சிகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா படிப்ப விட்டுட்டு ஓடியாந்துடுவா. அவளாவது நிம்மதியா படிக்கட்டும்னுதான்."

யோசிக்காமல் வந்துவிட்டது. "இது பாடத்துல இல்லியே மிஸ்" என்றான் ஒருவன். இல்லைதான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கரும்பலகையை அழித்தேன். இத்தனை வருஷம் மனசுக்குள் வாதாடி வாதாடி நான் கட்டிவைத்த வழக்கை நானே உடைத்துவிட்டேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த வகுப்பில் என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது. பள்ளி விட்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில் ஏறினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். எண்ணை அழுத்துவதும் நிறுத்துவதுமாக அங்கேயே நடந்தேன். கடைசியில் மணி போனது.

"அக்கா, எனக்கு ஏன் சொல்லல?" என்றேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"பயந்துட்டேன்டி" என்றாள். "காய்ச்சல்தானேன்னு கஷாயம் வெச்சுக் குடுத்துக்கினே இருந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனப்ப லேட்டுன்னுட்டாங்க. நீ வந்தா என்னத்தான் கேப்பியோன்னு போன எடுத்து எடுத்து வெச்சேன். அதுக்குள்ள அம்மா போய்ட்டா."

என் படிப்பும் இல்லை, தியாகமும் இல்லை. வெறும் பயம். காலையில் அவளுக்காக நான் சொன்ன காரணம் எவ்வளவோ அழகாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. கஷாயமா கொடுத்தாய், கஷாயமா, என்று கத்தினேன். "ஆமாண்டி, கஷாயந்தான்" என்றாள்.

"ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றேன். "மஞ்சத்தண்ணிக்கு இல்ல. உன்ன நேர்ல திட்டறதுக்கு."

"வா" என்றாள் அக்கா. "வூட்டுக்கு வந்து திட்டு."