கை டெஸ்க் மேல

லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பாடத்தில் நெகட்டிவ் எண்கள் வந்துவிட்டன. ஆனால் பாதிப் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கழித்தலே வரவில்லை. நாற்பத்து மூன்றில் பதினேழு போனால் முப்பத்து நாலு என்று எழுதுவார்கள். மூன்றில் ஏழு போகாது என்பதால் ஏழில் மூன்றைக் கழித்துவிடுவார்கள். அதையெல்லாம் கீழ் வகுப்பிலேயே முடித்திருக்க வேண்டும், எனக்குப் போர்ஷன் ஓடவேண்டும் என்று நினைத்தேன்.

என் கண்ணை உறுத்தியது அவர்களுடைய விரல்கள்தான். இவ்வளவு பெரிய பிள்ளைகள் டெஸ்குக்கு அடியில் விரல் மடக்கி எண்ணுவதை யாராவது வந்து பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஒரு திங்கட்கிழமை சட்டம் போட்டேன். "மனக்கணக்கு கேக்குறப்போ எல்லார் கையும் டெஸ்க் மேல இருக்கணும். ஒரு விரல் அசையக் கூடாது."

இரண்டு வாரம் கழித்து, மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எதையோ மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். அதிகம் பேசாத பெண். கைகள் இரண்டையும் விறைப்பாக டெஸ்க் மேல் விரித்து வைத்திருந்தாள். கன்னம் மட்டும் அசைந்தது.

"என்ன தின்ற?"

"ஒண்ணும் இல்ல மிஸ்."

"இங்க வா. வாயைத் திற."

வகுப்பின் முன்னால் வந்து நின்று திறந்தாள். குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

"பின்ன எதை மென்னுட்டிருந்த?"

பக்கத்தில் உட்காரும் தோழிதான் எழுந்து சொன்னாள். "மிஸ், அவ நாக்கால பல்லத் தொட்டு எண்ணுறா மிஸ். நீங்க கைய வெச்சு எண்ணக் கூடாதுன்னீங்கல்ல."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். "ஏழாங்கிளாஸ் வந்தாச்சு, பல்ல எண்ணிக் கணக்குப் போடுறாங்க இந்த அம்மா" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு இடத்துக்குப் போனாள். அன்றைக்கே பையன்கள் அவளுக்குப் 'பல்லு' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் பதில் எழுதவில்லை. வெற்றுத்தாளில் பேர் மட்டும் இருந்தது. சனிக்கிழமை வீட்டில் நோட்டுத் திருத்தும்போது நானும் நாக்கால் எண்ணிப் பார்த்தேன். எட்டோடு ஏழு. கடைவாய்க்குப் போவதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி செய்தேன், மறுபடியும் தவறியது. சட்டத்தை மீறாமல் விடை சொல்ல அந்தப் பெண் எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். நோட்டைத் தொடவே கூசியது.

திங்கட்கிழமை அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன். தென்னந்துடைப்பத்தை உருவி, குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போனேன். மதியம் சாப்பாடு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாலு கட்டு, மூன்று உதிரி.

"இதுல பதினேழு எனக்குக் குடு."

ஒரு கட்டைக் கொடுத்தாள். உதிரி மூன்றையும் கொடுத்தாள். இன்னும் நாலு வேண்டும். மீதி மூன்று கட்டுகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் பிரிக்கலாமா மிஸ்?"

"பிரிக்கலாம்மா."

ரப்பர் பேண்டைக் கழற்றி நாலு குச்சி எடுத்துக் கொடுத்தாள். மிச்சத்தை எண்ணினாள். இருபத்தாறு. இத்தனை வருஷமாக, கடன் வாங்கும்போது மேலே ஒன்றை அடித்து, பக்கத்தில் ஒன்றைப் போடு என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பத்தைப் பிரிக்கலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"அன்னிக்கு மிஸ் செஞ்சது தப்பு" என்றேன்.

"பரவால்ல மிஸ்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவ ஓடினாள்.

பிறகு மதியத்தில் குச்சிக் கணக்குக்கு ஆறேழு பேர் வந்தார்கள். வருஷக் கடைசியில் அவளுக்குக் கழித்தல் தடுமாறாமல் வந்தது, எட்டாம் வாய்ப்பாடும் வந்தது. 'பல்லு' மட்டும் போகவில்லை. அப்படிக் கூப்பிட்ட பையன்களை வெளியே நிறுத்தினேன், திட்டினேன். சிரித்ததற்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வகுப்பின் முன்னால் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. தினமும் நாற்பது நிமிஷம், அவளை வாய் திறக்கச் சொன்ன அதே இடத்தில்தான் நின்றேன்.

மே மாதம் அவள் வீட்டார் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் சந்தாபுராவுக்குக் குடிபோனார்கள். டிசி வாங்க வந்த அவள் அம்மா ஸ்டாஃப் ரூம் வரைக்கும் என்னைத் தேடி வந்தார். கார்மெண்ட்ஸில் வேலை செய்பவர், அரை நாள் லீவு போட்டிருந்தார்.

"உங்களாலதான் மிஸ் இவளுக்குக் கணக்கு வந்துச்சு. சாப்பாட்டு நேரத்தக் கூடப் பாக்காம சொல்லித் தந்தீங்களாம்."

அந்தப் பெண் அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தாள். மற்றதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை என்று புரிந்தது. சுற்றிலும் மற்ற டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லாப் படிக்கிற பொண்ணுங்க" என்று சொல்லி, அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.