பின் சீட்டில் படுத்துப் பார்த்தவர்

சிவகாசியில் பழைய கார்கள் விற்கும் இடம். என் குடும்பத்துக்கு ஏற்ற விலையில் ஒரு செடான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் கருகிய ஒருவர் வந்து அதன் பின் சீட்டில் நீட்டிப் படுத்தார். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாம்.

“என்னண்ணே பண்றீக?”

“போன சீசன்ல வெடிச்சப்ப ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியல. கூட வேலை பாத்த பிள்ளைய ஒரு சின்னக் கார்லதான் மதுரைக்குக் கொண்டுபோனோம். கால நீட்ட முடியாம வழியெல்லாம் கத்துச்சு. அதான் எந்தக் காரப் பாத்தாலும் படுத்துப் பாக்குறேன்.”

“அப்ப இத நீங்களே எடுத்துக்கோங்க.”

“எனக்கேது வசதி? நீங்க எடுங்க. அவசரம்னு கூப்பிட்டா வருவீகளா?”

வருகிறேன் என்று என் எண்ணைக் கொடுத்தேன். காரையும் வாங்கினேன். இரண்டு வருடமாக அவர் அழைக்கவே இல்லை. ஆனாலும் தீபாவளி நெருங்கும் மாதங்களில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.