அக்கிக்குக் காவி, பட்டாளத்தானுக்குச் சரவெடி

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் கோபத்தோடுதான் இருக்கும்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு காலை ஓ.பி.யில், தேசம்மா தன் புருஷன் முனிரத்தினத்தைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். அவன் நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை கொப்பளம். அதன்மேல் செங்காவியில் எழுதிய சிங்கம். இடது கண் திறக்கவில்லை.

"இன்னாம்மா இது?"

"அக்கி, சிஸ்டர். கொயவர் வூட்ல எழுதிக்கினு வந்தோம். எறங்கிடும்னாங்க. கண்ணாண்ட வந்துக்கிச்சு."

மூக்கு நுனிக்கு அக்கி வந்தால் கண்ணுக்கு ஆபத்து. மாத்திரை தொடங்க வேண்டிய முதல் நாட்களைக் காவி தின்றுவிட்டது. உடனே ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

முனிரத்தினத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. எல்லையில் பணியாற்றியவன், பக்கத்தில் நின்றவன் குண்டடிபட்டுச் சாவதைப் பார்த்தவன். திரும்பி வந்து, தேசம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறான்.

அவனுக்கு இது இரண்டாவது அக்கி. முதல் அக்கி, ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஏவுதளத்தில் ராக்கெட் விட்ட பிறகு வந்தது. ராக்கெட் என்றால் ஊரே கரையில் நின்று கைதட்டும். சத்தம் ஏரியைத் தாண்டி வந்தபோது இவன் சேற்றில் குப்புற விழுந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்தார்கள். சில நாளில் விலாவில் அக்கி. இந்த வயதில் அக்கியா என்று எங்கள் டாக்டர் சுகர் பார்த்தார், எச்.ஐ.வி. பார்த்தார், இரண்டும் இல்லை என்றதும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். டெஸ்ட் எடுத்த சேதி மட்டும் ஊருக்குள் போயிற்று. "பட்டாளத்துல எங்கெங்க மேஞ்சானோ" என்றார்கள். ரிசல்ட்டைப் பற்றி ஒருவனும் பேசவில்லை.

இந்த முறை சுதந்திர தினம். கொடியேற்ற அவனையே கூப்பிட்டார்கள், நல்ல காரியம்தான். கொடி ஏறியதும், மரியாதை என்று அவன் காலடியில் சரவெடி கொளுத்தினார்கள். என்ன மரியாதை அது!

"அன்னிலேர்ந்து படுக்கவே இல்ல சிஸ்டர்" என்றாள் தேசம்மா. "வாசப்படியாண்ட குந்திக்கினே கீறாரு. தூங்குயான்னா, ஸ்டாண்ட்-டூன்னு இன்னாவோ சொல்றாரு."

எதிரி வரலாம், ஆயுதத்தோடு தயாராக இரு என்று பட்டாளத்தில் சொல்லும் கட்டளை அது.

இது கண்ணோடு முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது; பிறகு மனநல டாக்டரம்மாவிடம் அவர்களோடு நானும் போனேன். சின்னம்மைக் கிருமி வருஷக்கணக்கில் உடம்புக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும், எதிர்ப்பு சக்தி தளர்ந்தால் அக்கியாகக் கிளம்பும் என்றார்.

"போர்ல பட்ட அதிர்ச்சி ஆறலைன்னா, ஒடம்பு எப்பவும் ஆபத்துல இருக்கிற மாதிரியே நடந்துக்கும். அதுக்கான ஹார்மோன் ஓயாம சுரக்கும், தூக்கம் கெடும். எதிர்ப்பு சக்தி தடுமாறிடும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. உங்களுக்கு ஆகியிருக்கலாம். இதுக்கு வைத்தியம் இருக்கு."

முனிரத்தினம் வைத்தியத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லியா மேடம்?" என்றான்.

நாட்டுக்குக் காவல் நின்றவனை இப்படிக் கேட்க வைத்த ஊர் இது. அதில் என் ஆஸ்பத்திரியும் சேர்த்தி.

இப்போது அவன் தூங்குகிறான், அக்கி திரும்பவில்லை. ஆனால் இடது கண்ணில் பார்வை பாதிகூட மிஞ்சவில்லை.

"வுடுங்க சிஸ்டர், எறா புடிக்கக் கண்ணு எதுக்கு? கை போதும்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைகளே, அக்கி என்று யார் வந்தாலும் காவிக்கு விடாதீர்கள், அன்றைக்கே மாத்திரை. சுகர் இருக்கா என்று கேட்கும்போதே, "ராத்திரி தூங்குறியாப்பா?" என்றும் கேளுங்கள். அவன் விலாவைக் காட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே யாராவது அதைக் கேட்டிருந்தால், அவனுக்கு இன்று இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்திருக்கும்.